கூடத்தில் தொங்கிய உறி

என் மனைவி அயின்போகாவின் வாழ்க்கையை நானே எழுதுகிறேன். அவளுடைய கடைசிச் சடங்கில் அச்சடித்துக் கொடுக்கிற சிறு புத்தகத்தில் இது வரவேண்டும். கோயில் பள்ளிக்கூட வாத்தியார் எழுதித் தருகிறேன் என்று வீடு தேடி வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் போல்கா நகரத்திலிருந்து எல்லை வரைக்கும் நிற்கிற கல்வீடுகளில் பாதி என் கை பட்டவை. இந்தப் பக்கத்தில் முதன்முதலில் கான்கிரீட் கூரை போட்டவன் நான். அதைப் பார்க்க மூன்று ஊர்ச் சனம் வந்து நின்றது. அப்படிப்பட்டவனுக்கு நாலு பக்கம் எழுத வராதா?

பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, பிள்ளை பெற்றது, இறந்தது என்று எழுதினால் போதும் என்று என் மகள் பெர்பெத்துவா சொல்கிறாள். அவள் தலைநகரம் அக்ராவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், நாற்பத்திரண்டு வயது. அவள் சொன்ன மாதிரிதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் அவள் வந்து இறங்கியதும் ஒரு வார்த்தை சொன்னாள். அதனால் வேறு மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது.

"அப்பா, அம்மாவோட உறிய ஒடைக்க விடமாட்டேன். என் வீட்டுக் கூடத்துல மாட்டப்போறேன். ஒரு சுவர் முழுக்க அம்மா சாமானா வைக்கணும். அவங்க முடைஞ்ச கூடை, அவங்க தீட்டின பானை, நடுவுல இந்த உறி."

"அதை ஒடைச்சுத்தான் ஆகணும் பெர்பே."

"ஏன்? அம்மா கையால பின்னினது. இதப்போய் கல்லுல அடிச்சு ஒடைக்கிறதா?"

ஏன் என்பதை இத்தனை வருஷமாக அவளுக்கு நான் சொன்னதில்லை. சந்தை நாளன்று சடங்கு. இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதற்குள் அயின்போகா போகப்போகிறாளா, இங்கேயே நிற்கப்போகிறாளா என்பது தெரிந்துவிடும். அதனால் சொல்கிறேன். எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும்.

எங்கள் பெண்களின் அறையில் ஒரு மூலையில் உறி தொங்கும். புல்நாரில் பின்னிய வலை. அதற்குள் சுரைக்குடுக்கைகள், பெரியதிலிருந்து சிறியதுவரை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் உள்ளே, கைமுட்டி அளவில், மூடியோடு ஒரு குடுக்கை. அது அவள். அதற்குள் என்ன வைத்திருக்கிறாள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். உயிரோடு இருக்கிறவரை அதில் வேறு கை படக்கூடாது, புருஷன் கையும் படக்கூடாது. அவள் இறந்து, அறுவடை முடிந்து, கடைசிச் சடங்கு வரும்போது மூத்த மகள் அந்தச் சின்னக் குடுக்கையை வெளியே கொண்டுபோய்க் கல்லில் அடித்து உடைப்பாள். அப்புறம்தான் அவள் கிளம்புவாள். வெளிக் குடுக்கைகளையும் வலையையும் வீட்டுப் பெண்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. சின்னது மட்டும் மிஞ்சக்கூடாது. எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் இது தெரியும்.

எனக்கும் தெரியும். தெரிந்துதான் நான் அதைச் செய்தேன்.

அயின்போகா சிரிகு ஊர்க்காரி. அந்த ஊர்ப் பெண்களுக்குச் சுவர் தீட்டுவது சோறு கிளறுவது மாதிரி. நான் அவளை முதலில் பார்த்தது அவளுடைய அத்தை வீட்டில். பத்துப் பெண்கள் வரிசையாக நின்று சாணமும் செம்மண்ணும் கலந்து சுவரில் பூசிக்கொண்டிருந்தார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனேன். ஒரு கை மண் வந்து என் நெஞ்சில் விழுந்தது.

"ஐயோ, சுவருன்னு நெனச்சுட்டேன்," என்றாள் ஒருத்தி. "அசையாம நின்னு பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குத் தெரியும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சட்டையைத் துடைக்கவே இல்லை. நாலு மாதத்தில் பரிசமாகப் பசுக்களைக் கொடுத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

கட்டியபிறகு தெற்கே கிளம்பிவிட்டேன். குமாசியில் சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, கடைசியில் பத்துக் கொத்தனாருக்கு மேஸ்திரியானேன். யாரும் கைதூக்கி விடவில்லை, நானேதான் ஏறினேன். வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன். அயின்போகா என் அம்மாவோடு இருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். வடக்கேயிருந்து ஹர்மட்டான் தூசிக்காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்து தங்கள் தங்கள் குடுக்கைகளுக்கு ஷியா மரக்கொட்டையில் எடுத்த வெண்ணெய் தடவிப் பளபளவென்று தேய்ப்பார்கள். காற்றில் வெடித்துவிடாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். அம்மா இறந்தபோது நான் குமாசியில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

குமாசியில் ஒரு பெரிய மனிதர் வீட்டுக்குத் தரை ஓடு பதித்தேன். அவர் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அவருடைய அம்மாவின் சாமான்கள். மரச்சீப்பு, குட்டி முக்காலி, மணி கோத்த மாலை, பழைய கண்ணாடி. வருகிறவர்களை எல்லாம் அங்கே நிறுத்தி, "இது எங்கம்மாவோடது," என்பார். பார்த்தவர்களுக்குப் பேச்சு அடங்கிவிடும். அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கும் வீடு வரும், அதிலும் அப்படி ஒரு கூடம் இருக்கும், அங்கே என் அம்மாவின் உறி முழுசாகத் தொங்கும். ஒன்றும் குறையாமல் முழுசாக.

அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து அவளுடைய கடைசிச் சடங்கை நடத்த வந்தேன். பெரிதாகச் செய்தேன், அந்தக் கூட்டத்துக்குக் காய்ச்சிய சோளக் கள் மாதிரி அதற்கப்புறம் யாரும் காய்ச்சவில்லை. அதற்கு முந்தின சந்தையில் கைமுட்டி அளவில் ஒரு குடுக்கை வாங்கி, அடுப்புப் புகையில் மூன்று நாள் கறுக்கவிட்டேன். சடங்குக்கு முந்தின பகல், எல்லாரும் கள் பானையைச் சுற்றி நின்றபோது, அம்மாவின் அறைக்குள் போய், உறியிலிருந்த சின்னதை எடுத்து ஒளித்துவிட்டு இதை வைத்தேன். அயின்போகா பெர்பேயைப் பெற்று ஒன்பதே நாள், அவளுடைய அறையில் படுத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

உடைத்தவள் என் அக்கா தலாட்டா. மூத்த மகள் அவள்தானே. கல்லில் ஓங்கி அடித்தாள். "டொப்" என்று சத்தம் வந்தது. பழைய குடுக்கை அப்படிச் சத்தம் போடாது. பச்சைத் தேங்காயைத் தட்டின மாதிரி இருந்தது. அக்கா நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் சிரித்துக்கொண்டு யாருக்கோ கள் ஊற்றினேன்.

மூன்று வருஷத்தில் வீடு கட்டி முடித்தேன். ஆறு அறை, நடுவில் கூடம், மேலே கான்கிரீட். அயின்போகா உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன இது, செத்த மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு?"

"சிமெண்டு. நூறு வருஷம் நிக்கும்."

"நிக்கட்டும். நான் வாழணுமே இதுக்குள்ள."

சிமெண்டுச் சுவர்மேல் அவள் மண் பூசினாள். இரண்டு முறை உதிர்ந்து விழுந்தது, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. கொத்தனாரான எனக்கே அந்தக் கலவை என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை. அதன்மேல் சிவப்பு, கறுப்பு, வெள்ளை தீட்டி, தாவாதாவா மரத்து நெற்று வேகவைத்த தண்ணீரை அடித்துக் காயவைத்தாள். அப்புறம் சாமான்கள் வந்தன. அவளுடைய அம்மாவின் அம்மிக்கல் வாசல் பக்கம். இறந்துபோன அவளுடைய தம்பியின் சைக்கிள் மணி ஒரு ஆணியில், உள்ளே வருகிறவர்கள் அடித்துவிட்டு வரவேண்டும். என் முதல் பூச்சுக்கரணை, துரு பிடித்தது, அதைத் தூக்கிப்போட்டிருந்தேன், தேடி எடுத்து மாட்டினாள். பெர்பே நாலு வயதில் முடைந்த கோணல் கூடை. எங்கே தாவாதாவா வாசனை வந்தாலும் அது எங்கள் வீடு என்று ஊருக்குத் தெரியும். நான் கட்டினது சுவர்தான், அதை வீடாக்கியவள் அவள்.

நடுவில் மாட்ட நான் அம்மாவின் உறியை, ஒளித்துவைத்த சின்னதைத் திரும்ப உள்ளே வைத்து, கொண்டுவந்தேன். கான்கிரீட் உத்தரத்தில் முன்கூட்டியே எட்டு மில்லி கம்பியில் ஒரு கொக்கி வைத்திருந்தேன்.

"அத்தையோட உறியா?" என்றாள். "உள்ள இருந்த சின்னது?"

"அன்னிக்கே ஒடைச்சாச்சே. இது வெளிக் குடுக்கைங்க. அழகுக்கு."

"அப்ப சரி," என்றாள். ஆனால் அதைத் தொடவில்லை.

வந்தவர்கள் எல்லாரையும் அங்கே நிறுத்தினேன். "எங்கம்மாவோடது," என்றேன். பேச்சு அடங்கியது. குமாசிக்காரர் வீட்டில் ஆனதைவிட அதிகமாகவே அடங்கியது. எனக்கு அது பெருமையாக இருந்தது.

முதல் ஹர்மட்டான் வந்தது. அந்தக் காற்றில் ஜன்னலை எத்தனை மூடினாலும் வீடெல்லாம் மாவு மாதிரி தூசி படியும். அம்மிக்கல்மேல், சைக்கிள் மணிமேல், கோணல் கூடைமேல் எல்லாம் படிந்தது. உறிமேல் மட்டும் இல்லை. குடுக்கைகள் அப்போதுதான் தேய்த்த மாதிரி மின்னின. விரல் வைத்துப் பார்த்தேன், ஷியா வெண்ணெய் ஒட்டியது. அயின்போகா தேய்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன், நல்ல மருமகள் என்று. ஒருநாள் அவளே கேட்டாள்:

"நீங்களா அத்தை உறிக்கு வெண்ணெ தடவுறீங்க?"

"நானா? நீதானே?"

இரண்டு பேரும் நிமிர்ந்து உறியைப் பார்த்தோம். வெளியே நடுப்பகல். காற்று நின்று போயிருந்தது. உறி மட்டும் மெதுவாகத் திரும்பி, பிறகு நின்றது.

அந்த வருஷம்தான் அயின்போகாவின் உறியில் வெளிக் குடுக்கை வெடித்தது. அவளுடையது அவள் அறையில் தொங்கியது, ஏழு குடுக்கை. பெரியது மேலிருந்து கீழாகப் பிளந்து கிடந்தது. காற்றுதான் என்றேன். அடுத்த ஹர்மட்டானில் இரண்டாவது. அதற்கடுத்ததில் மூன்றாவது. வெளியிலிருந்து உள்ளே, வரிசை தப்பாமல், வருஷத்துக்கு ஒன்று. அவள் வெண்ணெய் தடவாமல் இல்லை, தினம் தடவினாள். தடவத் தடவ வெடித்தது.

கொக்கியும் வளைந்தது. அந்த உறி, எல்லாக் குடுக்கையும் சேர்த்து, ஒரு கினிக்கோழி எடை இருக்காது. எட்டு மில்லி கம்பி ஈயம் மாதிரி கீழே இழுபட்டிருந்தது. பன்னிரண்டு மில்லி போட்டேன். அதுவும் இழுபட ஆரம்பித்தது. என்னோடு வேலை செய்த டேரி என்கிற டகாபா இனத்து ஆளைக் கூட்டி வந்தேன். நாய்த்தலைக் கறி யாருக்கு என்று அவர்களுக்கும் எங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிப்பேச்சு உண்டு, செத்த வீட்டில்கூட விடமாட்டார்கள்.

"என்னத்தடா தொங்கவிட்ட, நாய்த்தலைத் திருடா? யானையையா?"

"நாய்த்தலைக்கு அழுதவன் உங்கப்பன். கம்பியப் பாரு."

டேரி உறியை ஒரு விரலால் தூக்கினான். தூக்கினது லேசாக எழும்பியது. விரலை எடுத்தான். கம்பி முனகுகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். போகும்போது வாசல் மணியை அடிக்கவில்லை, கேலியும் பேசவில்லை. அதற்கப்புறம் என் வீட்டுக்கு அவன் வந்ததே இல்லை. வெளியிலிருந்தே கூப்பிடுவான்.

நாலாவது வருஷம் அயின்போகா கூடத்துச் சுவரைப் புதிதாகத் தீட்டினாள். அதுவரை பல மாதிரிக் கோலம் இருந்தது, பாம்பு, மாட்டுக்கொம்பு, வலை. இந்தமுறை ஒரே கோலம், தரையிலிருந்து கூரை வரை. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன முக்கோணங்கள். எங்கள் பெண்கள் அதை உடைந்த குடுக்கைச் சில்லு என்பார்கள். நாலு சுவரும் சில்லு. பார்க்க வந்த பெண்கள் சுவரையும் உறியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினார்கள். நான் அதையும் வேலைப்பாடு என்று சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். என் இரண்டு விரலால் வளைத்துப் பிடித்தால் இன்னொரு விரல் நுழையும் அளவுக்கு மணிக்கட்டு மெலிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் சமையல் மாறியது. தினைக் களிக்கு அவள் வைக்கிற குழம்பில் உப்பு குறைவாக இருக்கும், அது சிரிகு வழக்கம். இப்போது என் அம்மா போடுகிற அளவு உப்பு. எனக்குப் பிடித்திருந்தது, அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பகல் திண்டில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் எனக்குப் பின்னால் கூடத்தில் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா தின்னுடா, ஓணான்."

என் கை தட்டிலேயே நின்றது. சின்ன வயதில் நான் எதற்கும் தலையை ஆட்டுவேன், அதனால் அம்மா என்னை ஓணான் என்பாள். அம்மா மட்டும்தான். அக்காவுக்குக்கூட அந்தப் பெயரால் கூப்பிட அனுமதி இல்லை. அயின்போகா என்னை ஒருநாளும் 'டா' போட்டதில்லை.

"என்ன சொன்ன?"

"நானா? ஒண்ணும் சொல்லலயே," என்றாள். அவள் துடைப்பத்தோடு வாசலில், வெயிலில் நின்றாள். கூடத்துக்குள் யாரும் இல்லை. உறி திரும்பிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது ஹர்மட்டானில் அவளுடைய ஐந்தாவது குடுக்கை வெடித்தது. மிச்சம் இரண்டு. ஒன்று, அதற்குள் சின்னது. எனக்கு எண்ணத் தெரியும். அடுத்த வருஷம் ஆறாவது, அதற்கடுத்தது அவளேதான். வருஷத்துக்கு ஒன்று என்கிற கணக்குகூடத் தப்பியது. அடுத்த மாதமே அந்த ஆறாவதின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கீறலைப் பார்த்தேன். தினமும் பார்த்தேன், தினமும் ஒரு நெல் அளவு நீண்டிருந்தது.

அக்கா தலாட்டாவுக்கு ஆள் அனுப்பினேன். அவள் புருஷன் ஊரிலிருந்து நடந்தே வந்தாள். கூடத்து வாசலைத் தாண்டவில்லை.

"எறக்குடா அதை."

"எதை?"

"என்கிட்டயே நடிக்கிறியா? என் கையால ஒடைச்சது சந்தைக் குடுக்கைன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். அம்மா இங்கதான் இருக்கா. அஞ்சு வருஷமா ஒரு கொக்கியில தொங்குறா. அவளுக்கு எடம் வேணாமா? ஒரு வீட்டுல ஒரு பொம்பளைக்குத்தான் எடம். செத்தவ நிக்கணும்னா இருக்கறவ போகணும்."

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"ஒளிச்சவன் வாயாலதான் வரணும். ஒளிச்சவன் கையாலதான் எறங்கணும். நான் எடுத்தா உன் பொய்ய நான் சொமக்கணும். எனக்கு என் தலைச்சுமையே போதும்."

"ஊர் முன்னாலயா சொல்லணும்?"

"பின்ன? ஊர் முன்னாலதானே ஏமாத்தின."

இங்கே நான் மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று நாள் இழுத்தேன். என் பெயர், என் கூடம், என் கான்கிரீட் கூரை என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு கொக்கி போடலாமா, அறையை மாற்றலாமா என்றெல்லாம் பார்த்தேன். மூன்றாம் நாள் அயின்போகா பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவள் உறியில் கீறல் அடிவரை வந்துவிட்டது. குனிந்து அவள் காதில் சொன்னேன்:

"அது ஒடையல. அம்மாவோடத நான்தான் மாத்திட்டேன்."

"மூணு வருஷமா தெரியும்," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் சொல்லல?"

"நீங்க வர்றவன் போறவன் எல்லாரையும் நிறுத்திப் பெருமை பேசுனீங்க. அதை ஒடைக்க எனக்குக் கை வரல. செவுத்துலயாவது ஒடைச்சு வைப்போம்னு பாத்தேன். அத்தை ஏமாறல."

எட்டு வயது பெர்பேயை முன்னாலேயே சிரிகுவுக்கு அனுப்பியிருந்தோம், பிறகும் அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அன்று பகல், உச்சி வெயிலில், ஊர்ப் பெண்களை வரச்சொன்னேன். எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். நான் கூடத்துக்குள் போய்ச் சைக்கிள் மணியை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியவில்லை. கைதூக்கி உறியை இறக்கினேன். கம்பியையே வளைத்த பாரமாயிற்றே என்று காலை ஊன்றி நின்றிருந்தேன். அது கையில் வந்தபோது எடையே இல்லை. காய்ந்த இலையைத் தாங்கின மாதிரி இருந்தது. வெளியே கொண்டுபோய் வைத்தேன். குமாசியில் மேஸ்திரியாக இருந்தவன், ஆறு அறை வீடு கட்டியவன், அம்பது பெண்கள் முன்னால், சந்தையில் வாங்கினதிலிருந்து புகையில் கறுக்கவைத்தது வரை சொன்னேன். ஒரு கிழவி என் காலடியில் துப்பினாள். இன்னொருத்தி, "அம்மாவ ஆணியில மாட்டி அழகு பாத்தியா?" என்றாள். தலையை ஆட்டினேன், ஓணான் மாதிரி.

தலாட்டா ஒவ்வொரு குடுக்கையாக எடுத்து, கடைசியாகச் சின்னதை எடுத்தாள். கல்லில் அடித்தாள். இந்தமுறை சத்தமே வரவில்லை. சில்லு சில்லாகச் சிதறியது, ஆனால் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. நின்ற பெண்கள் எல்லாரும் அதைச் சொன்னார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனேன். கொக்கிக் கம்பி நேராக இருந்தது. முப்பது வருஷம் கம்பி வளைத்தவன் சொல்கிறேன், வளைந்த இரும்பு தானாக நேராகாது. நேராக இருந்தது.

அயின்போகா சாயங்காலமே எழுந்து தண்ணீர் கேட்டாள். மறுநாள் குழம்பில் உப்பு குறைந்திருந்தது. அதற்கப்புறம் முப்பத்திநாலு வருஷம் வாழ்ந்தாள். ஒவ்வொரு வருஷமும் சுவரைத் தீட்டினாள், அந்தச் சில்லுக் கோலத்தை மட்டும் மறுபடி போடவில்லை. அவள் முடைந்த கூடைகள் கப்பலேறிப் போயின. மூன்று தேவாலயத்துக்கு முன்சுவர் தீட்டினாள், ஒரு மந்திரி வந்து கைகுலுக்கினார். என்னை எங்கே வைத்தும் கேலி செய்தாள், அந்த ஒரு விஷயத்தைத் தவிர. அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. அவள் உறியில் அந்த இரண்டு குடுக்கைதான், கீறல் விழுந்த ஒன்றை நாரால் தைத்து வைத்திருந்தாள். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. கூடத்துக் கொக்கி அப்படியே இருக்கட்டும் என்றாள். முப்பத்திநாலு வருஷமாக அதில் ஒன்றும் தொங்கவில்லை. போன மழைக்காலத்தில், ஒரு பகல், கூடைக்குப் புல் பிரித்துக்கொண்டிருந்தவள் சாய்ந்துவிட்டாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நேற்று அவள் அறைக்குப் போனேன். உறியைத் தொடவில்லை, வாசலில் நின்று பார்த்தேன். இப்போது ஹர்மட்டான். அறையெல்லாம் தூசி. பாய்மேல் தூசி, அவள் செருப்புமேல் தூசி. உறி மின்னியது.

பெர்பேயைக் கூப்பிட்டேன்.

"உறிக்கு வெண்ணெ தடவினியா?"

"நானா? நீங்கதான் தடவுறீங்கன்னு நெனச்சேன்ப்பா. அம்மா ஞாபகத்துல."

சொல்லிவிட்டு அவள் முகம் மாறியது.  கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கொக்கியைக் காட்டினேன். முப்பத்திநாலு வருஷம் நேராக நின்ற கம்பி. அதில் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. கீழே இழுபட்டிருந்தது, ஒரு விரல் அளவு.

"எப்பலேருந்துப்பா?"

"நீ வந்த நாள்லேருந்து."

 அவள் தான் தங்கியிருந்த அறைக்குப் போய், பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். கைமுட்டி அளவு, மூடியோடு. போல்கா சந்தையில் வாங்கியது. புகையில் கறுக்கவிட்டிருந்தாள். நான் செய்ததைவிட நன்றாகச் செய்திருந்தாள், படித்தவள் அல்லவா.

"நான் யார்கிட்டயும் கேக்கலப்பா. எனக்கே தோணுச்சு," என்றாள். குரல் சின்னக் குழந்தையுடையது மாதிரி இருந்தது.

நான் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுத்தேன். முற்றத்தில் உட்கார்ந்து முழுசும் படித்தாள். படித்துவிட்டு அழவில்லை. அந்தச் சந்தைக் குடுக்கையை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் மிளகாய் போட்டு வைத்தாள்.

சந்தை நாளன்று மூத்த மகள் அவள்தான் உடைக்கவேண்டும். உடைப்பதற்கு முன்னால் இதைச் சத்தமாக வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறாள், ஒரு வரியும் விடாமல். கூடைகளும் பானைகளும் சைக்கிள் மணியும் அவளுடையவை, அக்ராவுக்கு எடுத்துப் போகட்டும், சுவர் முழுக்க மாட்டட்டும். அயின்போகாவுக்கு அது பிடிக்கும்.

கம்பியை இன்று காலை நான் பார்க்கவில்லை. இன்னும் மூன்று நாள் கூடத்துக்குள் போகமாட்டேன். பெர்பே கல்லில் அடித்து, சத்தம் வருகிறதா வரவில்லையா என்று நின்றவர்கள் எல்லாரும் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பேன்.